போருக்கு முந்தைய சூப்பர்சார்ஜர் ரேஸ் பைக்குகள்: பிஎம்டபிள்யூவுக்கு மட்டும் எப்படி அமைந்தது?

கியர்பாக்ஸ் காதலன்:

எல்லோருக்கும் வணக்கம். சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பம்ப்) வைத்த கவாசாகி நிஞ்சா எச்2 பற்றி வாசிக்கப் போய் அப்படியே பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்ததில், 1939 ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி ரோடு ரேஸில் (500 சிசி பிரிவு) வந்து நின்றேன். 500 சிசி பிஎம்டபிள்யூ, முன்பக்கம் ஒரு சூப்பர்சார்ஜர், ஓட்டியவர் கியோர்க் மையர், சராசரி வேகம் மணிக்கு சுமார் 144 கிமீ. அதே கம்பெனியின் ஜாக் வெஸ்ட் இரண்டாவது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெளிநாட்டு வண்டியில் சீனியர் டிடியை ஜெயித்தது அதுதான் முதல் தடவையாம். அந்தப் படத்தைப் பார்த்ததில் இருந்து வேறு வேலை ஓடவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். கார் ரேஸில் 1920களிலேயே சூப்பர்சார்ஜர் சர்வ சாதாரணமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? இங்கிலாந்தில் நார்ட்டன், வெலோசெட் என்று அத்தனை பெரிய கம்பெனிகள் இருந்தும் அவர்களால் ஏன் இதை உருப்படியாகச் செய்ய முடியவில்லை? அப்புறம் 1946ல் இதற்கு மொத்தமாகத் தடை போட்டுவிட்டார்கள். என் நண்பன் ஒருவன், ஜெர்மனியும் இத்தாலியும் ஜெயிக்க ஆரம்பித்ததால்தான் அந்தத் தடை வந்தது என்று அடித்துச் சொல்கிறான். உண்மையா?

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும். இன்ஜின் அடிப்படை எனக்குத் தெரியும், அதனால் டெக்னிக்கலாக எழுதினாலும் பரவாயில்லை.

---

பெவல் டிரைவ்:

நல்ல கேள்வி. முதலில் சிங்கிள் சிலிண்டர் பிரச்சினையைப் பேசிவிடலாம், ஏனென்றால் நீங்கள் சொன்ன நார்ட்டன், வெலோசெட் ரேஸ் வண்டிகள் சிங்கிள்தான், உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நாலு ஸ்ட்ரோக் சிங்கிளில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இன்டேக் வால்வு ஒரே ஒரு தடவைதான் திறக்கும். சூப்பர்சார்ஜரோ நிற்காமல் சுற்றிக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வரும் அந்தக் கலவை எங்கே போகும்? போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, குழாயை எப்போதாவது ஒரு நொடி மட்டும் திறப்பது போலத்தான். நடுவில் ஒரு தொட்டி இல்லாமல் அது வேலைக்கு ஆகாது. அதனால் சிங்கிளில் சூப்பர்சார்ஜருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு பெரிய கலன் வைத்தாக வேண்டும். வைத்தால் த்ராட்டிலைத் திருப்பியதும் இன்ஜின் உடனே எழாது, மூடினால் உடனே அடங்காது. மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஓட்டுபவனுக்கு இது நரகம்.

வெலோசெட் 1931லேயே கேடிடி சிங்கிளில் ஃபாக்ஸ்வெல் சூப்பர்சார்ஜரைப் போட்டுப் பார்த்தது. 'விஃப்லிங் கிளாரா' என்று அதற்குச் செல்லப் பெயர்கூட வைத்திருந்தார்கள். அது அவர்களுக்கு ஜெயிக்கும் வண்டியாக ஆகவே இல்லை. மோட்டோ குஜ்ஜி பின்னால் 250 சிங்கிளில் கோஸெட் சூப்பர்சார்ஜரைப் பொருத்தி ஓரளவு நன்றாகவே ஓட்டியது, ஆனால் அது விதிவிலக்கு.

இப்போது பிஎம்டபிள்யூவைப் பாருங்கள். பாக்ஸர் ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் எதிரெதிராகப் படுத்திருக்கும் இன்ஜின், 360 டிகிரிக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு சிலிண்டர் கலவையை இழுக்கும், ஒழுக்கு சீராகிவிட்டது. கிராங்க் நீளவாக்கில் இருப்பதால் அதன் முன் முனை கிராங்க்கேஸின் முன்பக்கம் வந்து நிற்கிறது. அதில் அப்படியே ஸோலர் வகை சூப்பர்சார்ஜரை மாட்டிவிட்டார்கள். செயின் வேண்டாம், பெல்ட் வேண்டாம், பக்கத்தில் ஒரு பிராக்கெட் கட்டி அது எப்போது விரிசல் விடும் என்று பயப்படவும் வேண்டாம். அங்கிருந்து நீளமான இரண்டு குழாய்கள் சிலிண்டர்களைத் தாண்டிப் பின்பக்கத்து இன்டேக் போர்ட்டுக்குப் போகும். அந்தக் குழாயின் கொள்ளளவே நான் மேலே சொன்ன கலனின் வேலையைச் செய்துவிட்டது. சிலிண்டர்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக நேரடியாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதால் சூடும் கட்டுக்குள் இருந்தது. சூப்பர்சார்ஜர் வைத்த எல்லா இன்ஜினையும் முதலில் கொல்வது சூடுதான், ஏனென்றால் காற்றை அழுத்தினாலே அது சூடாகிவிடும், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அந்த வண்டியில் கிடையாது.

ஸோலர் வகை என்றால் மையம் விலகிய ஒரு உருளை, அதில் தகடு தகடாகச் செருகிய வேன்கள், சுற்றும்போது இடைவெளி சுருங்கிக் காற்று அழுந்தும். குறைந்த வேகத்திலேயே அழுத்தம் கொடுக்கும் என்பது நன்மை. ஆனால் அந்தத் தகடுகளுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த எண்ணெய் கலவையோடு சேர்ந்து உள்ளே போய் ஸ்பார்க் பிளக்கை நாசம் செய்யும். 1938 சீனியர் டிடியில் மையர் தொடக்கத்திலேயே வெளியேறியதும் பிளக் தொல்லையால்தான், ஆனால் அது பிளக் மாட்டும் மரை கெட்டுப்போனதால் வந்தது.

சூப்பர்சார்ஜரை மட்டும் பார்ப்பதும் தப்பு. அதே வண்டியில் முன்னால் ஹைட்ராலிக் டெலஸ்கோபிக் ஃபோர்க், பின்னால் பிளஞ்சர் சஸ்பென்ஷன். மொத்த எடை 140 கிலோவுக்குள். அன்றைய இங்கிலாந்து வண்டிகள் பல இன்னும் பழைய பாணி கர்டர் ஃபோர்க்கில் குதித்துக் குதித்துப் போன காலம். 55, 60 குதிரைத்திறன் எல்லோராலும் எடுக்க முடிந்திருக்கலாம், அதைத் தரையில் இறக்கத் தெரிந்தவர்கள் பிஎம்டபிள்யூகாரர்கள்.

நார்ட்டன் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1938 சீனியரை ஹெரால்ட் டேனியல் சாதாரண, சூப்பர்சார்ஜர் இல்லாத நார்ட்டன் சிங்கிளில் ஜெயித்தார், அதுவும் 91 மைல் வேகத்தில் ஒரு லேப் போட்டு. 1939ல் ராணுவத்துக்கு வண்டி செய்யும் வேலை வந்ததால் நார்ட்டன் கம்பெனி அதிகாரபூர்வமாக விலகிக்கொண்டது. அதனால் மையரின் வெற்றி சிறியதாகிவிடாது. பயிற்சியின்போது சக வீரர் கார்ல் கால் விழுந்து இறந்த துக்கத்தோடுதான் அந்த அணி பந்தயத்தில் இறங்கியது. ஆனால் எதிரில் முழு பலத்தோடு நார்ட்டன் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

---

ஸ்பேனர் செட் 12:

பெவல் டிரைவ் அண்ணா சொன்னதில் டெக்னிக்கலாக எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தலைப்பிலேயே "பிஎம்டபிள்யூவுக்கு மட்டும்" என்று போட்டிருப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. 1939ல் உலகத்திலேயே வேகமான ரோடு ரேஸ் பைக் எது என்று கேட்டால் நான் இத்தாலியின் ஜிலேரா நாலு சிலிண்டரைத்தான் சொல்வேன்.

அதன் கதை பெரியது. 1920களில் ரோமில் ஜியானினி, ரெமோர் என்று இரண்டு இளம் இன்ஜினியர்கள், நாலு சிலிண்டரையும் குறுக்குவாக்கில் வரிசையாக வைத்து ஒரு இன்ஜின் யோசித்தார்கள். அதுவரை மோட்டார் சைக்கிளில் நாலு சிலிண்டர் என்றால் நீளவாக்கில்தான், பின்னால் இருக்கும் சிலிண்டர் வெந்துபோகும். பொன்மார்தினி என்ற பிரபு பணம் போட்டார், அவருடைய விமானக் கம்பெனியில் வேலை நடந்தது. 1930களின் நடுவில் அது ரோண்டினே என்ற பெயரில் தண்ணீர் குளிர்விப்பு, இரட்டை ஓவர்ஹெட் கேம், சூப்பர்சார்ஜர் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. 1935 டிரிப்போலி பந்தயத்தில் பியரோ தருஃபி ஜெயித்தார். 1936ல் ஜூசெப்பே ஜிலேரா மொத்தமாக வாங்கிக்கொண்டார்.

தருஃபி ஒரு இன்ஜினியர், வெறும் ஓட்டுநர் இல்லை. 1937ல் நடந்ததைக் கேளுங்கள். அதற்கு முந்தைய வருடம் பிஎம்டபிள்யூவின் எர்ன்ஸ்ட் ஹென்னே மணிக்கு 272 கிமீ போய் உலக சாதனை வைத்திருந்தார். 1937 ஏப்ரலில் எரிக் ஃபெர்னிஹோ ஹங்கேரியில் 1000 சிசி ப்ரஃப் சுப்பீரியரில் 273 போனார். அக்டோபரில் தருஃபி 500 சிசி ஜிலேராவில் 274. நவம்பர் கடைசியில் ஹென்னே திரும்ப வந்து 279.5. நாலு சாதனையும் சூப்பர்சார்ஜர் வண்டிகளில்தான், ஒவ்வொன்றும் முந்தையதை விட ஓரிரு கிலோமீட்டர்தான் கூடுதல், கடைசி ஒன்று மட்டும் ஐந்து. ஃபெர்னிஹோ அடுத்த வருடமே அதே ஹங்கேரிய ரோட்டில் சாதனையைத் திரும்பப் பிடிக்கப் போய் இறந்துபோனார். கம்பெனி பணம், அரசு ஆதரவு எதுவும் பெரிதாக இல்லாமல் அந்த அளவுக்கு வந்த மனிதர், அவரை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

பந்தயத்துக்கு வருவோம். 1939 ஆகஸ்டில் அல்ஸ்டர் கிராண்ட் பிரீ. ஏஜேஎஸ் கம்பெனி தன்னுடைய சூப்பர்சார்ஜர் வி4 வண்டியைக் கொண்டுவந்தது. முதலில் காற்றுக் குளிர்விப்பில் செய்து சூடு தாங்காமல் தண்ணீருக்கு மாறிய வண்டி அது. வால்டர் ரஸ்க் அதில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஒரு லேப் போட்டார், கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில் அந்த வேகம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் வண்டி 180 கிலோவுக்கு மேல், முன் ஃபோர்க் தாக்குப்பிடிக்கவில்லை, அவர் பாதியில் விலக வேண்டியதாயிற்று. ஜெயித்தது ஜிலேராவில் டோரினோ செராஃபினி, சராசரி சுமார் 157 கிமீ. அந்த வருட ஐரோப்பிய சாம்பியனும் அவர்தான். மையர்-பிஎம்டபிள்யூ 1938 சாம்பியன், செராஃபினி-ஜிலேரா 1939 சாம்பியன். போர் வராமல் இன்னும் இரண்டு சீசன் நடந்திருந்தால் ட்வின் அந்த நாலுக்கு முன் நின்றிருக்காது என்பது என் கருத்து.

---

கியர்பாக்ஸ் காதலன்:

அருமை. 1937ல் ஒரே வருடத்தில் மூன்று நாட்டுக்காரர்கள் மாறி மாறிச் சாதனையை வாங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. சிங்கிளுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது.

இங்கிலாந்து தரப்பில் வெலோசெட் ரோரர் என்று ஒரு வண்டி இருந்ததாம், அது என்ன ஆயிற்று? அப்புறம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ டூ ஸ்ட்ரோக்கிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது என்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் போர்ட் திறந்தே இருக்குமே, அழுத்தி அனுப்பினால் எல்லாம் சைலன்சர் வழியாக வெளியே போய்விடாதா? தடை பற்றியும் யாராவது எழுதுங்கள்.

---

டூ ஸ்ட்ரோக் தாசன்:

அந்த டிகேடபிள்யூ கேள்விக்காகவே லாகின் செய்தேன்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி, சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் அழுத்தி அனுப்பினால் புதுக் கலவை அப்படியே எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஓடிவிடும். டிகேடபிள்யூகாரர்கள் இதற்கு ஸ்பிளிட் சிங்கிள் அமைப்பைப் பயன்படுத்தினார்கள். இரண்டு சிலிண்டர் துளை, இரண்டு பிஸ்டன், ஆனால் மேலே ஒரே எரிப்பறை. ஒரு பிஸ்டன் கலவை வரும் போர்ட்டைத் திறந்து மூடும், மற்றது எக்ஸாஸ்ட்டை. இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக ஓடுவதால் எக்ஸாஸ்ட் முதலில் மூடிவிடும், உள்ளே வரும் வழி அதன் பிறகும் சற்று நேரம் திறந்திருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் அழுத்தமெல்லாம் உள்ளே தங்குகிறது. அழுத்துவதற்குத் தனி சூப்பர்சார்ஜர்கூடக் கிடையாது, கிராங்கோடு சேர்ந்து இன்னொரு பிஸ்டன், பம்ப் மாதிரி வேலை செய்யும், எரிப்பே நடக்காது அதில்.

1938 லைட்வெயிட் டிடியில் (250 சிசி பிரிவு) எவால்ட் குலூகே இந்த 250 சிசி வண்டியில் இரண்டாவதாக வந்தவரை 11 நிமிடத்துக்கும் மேலாகப் பின்னால் விட்டு ஜெயித்தார். டிடியில் ஜெயித்த முதல் ஜெர்மானியர் அவர்தான், மையருக்கு ஒரு வருடம் முன்னால். இந்தத் திரியில் யாரும் அதைச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான். சத்தம் மட்டும் தாங்க முடியாது, பெட்ரோலும் குடித்துத் தள்ளும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். டிகேடபிள்யூவின் தொழிற்சாலை இருந்த சோப்பாவ் ஊர் போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது, அங்கேதான் எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனி வந்தது. 1946 தடையால் பம்ப் பிஸ்டனும் கூடாது. அப்போது அங்கே வேலைக்கு வந்த வால்டர் காடன், எக்ஸாஸ்ட் குழாயின் வடிவத்தையே மாற்றி, வெளியே போகும் அழுத்த அலை திரும்பி வந்து, ஓடப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும்படி செய்தார். அதாவது எந்தப் பம்பும் இல்லாமல் அலையை வைத்தே சூப்பர்சார்ஜ் செய்வது. கூடவே ரோட்டரி டிஸ்க் வால்வு. 1961ல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் எடுத்தார், லிட்டருக்கு 200. அதே வருடம் அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர, அந்த அறிவு ஜப்பானுக்குப் போனது. நம் ஊரில் ஆர்டி 350, ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் சைலன்சரை மாற்றினால் வண்டியின் குணமே மாறுகிறது என்று சொல்வார்களே, அந்தத் தத்துவம் இந்த வழியாக வந்ததுதான். சூப்பர்சார்ஜரைத் தடை செய்ததால் அழுத்தும் ஆசை போய்விடவில்லை, வேறு வழி கண்டுபிடித்தது.

---

பழைய இரும்பு:

தடை பற்றி நான் எழுதுகிறேன், அதற்கு முன் ரோரர்.

வெலோசெட்டின் ஹெரால்ட் வில்லிஸ் முன்பு சிங்கிளில் பட்ட பாட்டையெல்லாம் மனதில் வைத்துச் செய்த வண்டி அது. 500 சிசி பேரலல் ட்வின் (இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில்), நீளவாக்கில் இரண்டு கிராங்க் ஷாஃப்ட், பல்சக்கரத்தால் இணைந்து எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்று கியர்பாக்ஸையும் ஷாஃப்ட் டிரைவையும் ஓட்டும், மற்றது சூப்பர்சார்ஜரை ஓட்டும். எதிரெதிராகச் சுற்றுவதால் த்ராட்டில் கொடுக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காது, பாக்ஸருக்கு இருந்த தொல்லை இதற்கு இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் காலத்து இன்ஜின்களிலேயே மிக அழகாக யோசித்தது இதுதான். 1939 டிடி பயிற்சியில் ஸ்டான்லி வுட்ஸ் ஓட்டிப் பார்த்தார், பந்தயத்தில் இறக்கும் அளவுக்குத் தயாராகவில்லை. அதே டிடி சமயத்தில் வில்லிஸ் நோயில் இறந்துபோனார். செப்டம்பரில் போர். அந்த வண்டி ஒரு பந்தயம்கூட ஓடாமல் நின்றுவிட்டது.

இப்போது தடை. உங்கள் நண்பர் சொல்வது கேட்கச் சுவாரசியமாக இருக்கும், ஆனால் 1946ல் ஜெர்மனி சர்வதேசப் போட்டியிலேயே இல்லை, அவர்களைத் தோற்கடிக்கத் தடை எதற்கு? அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். ஐரோப்பா முழுக்க இடிபாடு. இங்கிலாந்தில் கிடைத்தது 72 ஆக்டேன் மட்டமான பெட்ரோல், அதில் சூப்பர்சார்ஜர் இன்ஜினை ஓட்டினால் டெட்டனேஷனில் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) பிஸ்டன் ஓட்டையாகிவிடும். பணமும் இல்லை. அந்தச் சூழலில் சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்று முடிவெடுத்தது புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

அடி வாங்கியவர்களில் முதல் ஆள் இங்கிலாந்துக்காரர்தான் என்பதையும் பாருங்கள். ஏஜேஎஸ் போர்க்குபைன் என்ற 500 சிசி ட்வின், சூப்பர்சார்ஜரை மனதில் வைத்தே வரைந்தது. சிலிண்டர்களைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்ததே கியர்பாக்ஸுக்கு மேலே சூப்பர்சார்ஜருக்கு இடம் விடத்தான். தடை வந்ததும் அந்த இடம் வெறுமனே நின்றது, வெறும் கார்புரேட்டரை வைத்து ஓட்ட அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1947 டிடியில் அதை ஓட்டியவர்களில் ஒருவர் ஜாக் வெஸ்ட், 1939ல் பிஎம்டபிள்யூவில் இரண்டாவதாக வந்த அதே மனிதர். அவ்வளவு சிரமத்துக்கு நடுவிலும் 1949ல் லெஸ் கிரஹாம் அதில்தான் முதல் 500 சிசி உலக சாம்பியன் ஆனார்.

ஜிலேராவும் அதே மாதிரி மாற வேண்டி வந்தது, ஆனால் அவர்களிடம் நாலு சிலிண்டர் இருந்தது. ரெமோர் காற்றுக் குளிர்விப்பில் புது இன்ஜின் வரைந்தார், 1950ல் மசெட்டி சாம்பியன், பிறகு ஜெஃப் டியூக் மூன்று வருடம் தொடர்ந்து. ரெமோர் நடுவில் எம்வி அகுஸ்தாவுக்குப் போய் அங்கேயும் ஒரு நாலு சிலிண்டர் செய்தார். குறுக்குவாக்கில் நாலு சிலிண்டர் என்ற அமைப்பு அப்படித்தான் நிலைபெற்றது. சூப்பர்சார்ஜர் போய்விட்டது, அதைத் தாங்குவதற்காகக் கண்டுபிடித்தவை எல்லாம் தங்கிவிட்டன என்பதுதான் என் பார்வை.

---

பெவல் டிரைவ்:

பழைய இரும்பு சார், தடை வந்த காரணத்தை ஏற்கிறேன், ஆனால் அது அத்தனை வருடம் நீடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1946ல் பெட்ரோல் இல்லை, சரி. 1950களில் நல்ல பெட்ரோல் வந்த பிறகும் ஏன் தொடர வேண்டும்? 350 சிசி சூப்பர்சார்ஜர் எதிர் 500 சிசி சாதாரணம் என்று ஒரு விகிதம் வைத்துக் கார்களில் செய்தது போலச் செய்திருக்கலாம். கார் ஃபார்முலா ஒன்னில் 1977ல் டர்போ வந்ததே அப்படி ஒரு விதி இருந்ததால்தான்.

ஜெர்மனியைச் சர்வதேச அமைப்பு திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வரை உள்நாட்டில் தடை பொருந்தவில்லை, அதனால் மையர் அதே சூப்பர்சார்ஜர் பிஎம்டபிள்யூவில் உள்ளூர் சாம்பியன்ஷிப்பை ஜெயித்துக்கொண்டே இருந்தார், இன்னொரு ஜெர்மன் கம்பெனியான என்எஸ்யூவும் தன் சூப்பர்சார்ஜர் ட்வினை மெருகேற்றிக்கொண்டே இருந்தது. ஹென்னேயின் 279.5 பதின்மூன்று வருடம் அசையாமல் நின்று, கடைசியில் 1951ல் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் அந்த என்எஸ்யூவில்தான் 290 போய் உடைத்தார். 1956ல் அமெரிக்காவின் பொனவில் உப்புத் தரையில் 339. ரேஸில் கூடாது என்ற பிறகும் சாதனைக்கு அது அனுமதிக்கப்பட்டதால்தான் இதுவாவது நடந்தது.

கியர்பாக்ஸ் காதலன், நீங்கள் எச்2வில் இருந்து தொடங்கியதால் ஒன்று பார்க்கச் சொல்கிறேன். அதில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் வகை, இம்பெல்லர் என்ற விசிறிச் சக்கரம் காற்றை வெளிப்பக்கமாக வீசி அழுத்தும், கிராங்க்கை விட 9 மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும். ஸோலர் மாதிரி தகடு உரசுவது இல்லை, எண்ணெய் கலவைக்குள் போவது இல்லை, ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தம் அவ்வளவாக வராது. அந்த இம்பெல்லர் படத்தையும் ஸோலர் வேன் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள், மேலே பேசியதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ரோரரின் இரட்டை கிராங்க் படம் யாரிடமாவது தெளிவாக இருந்தால் இங்கே போடுங்கள், என்னிடம் இருப்பது மங்கலாக இருக்கிறது.